பாக்கெட்டில் ஒன்று, பெட்டியில் சில: மரபான மடக்குக்கத்திகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மடக்குக்கத்தி சேகரிக்க ஆரம்பிப்பவர்களில் நிறையப் பேர் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். படம் பார்த்து, கைப்பிடி அழகில் மயங்கி, ஐந்தாறு வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, அப்புறம்தான் எது தன் கைக்கு ஒத்துவரும் என்று யோசிக்கிறார்கள். நான் சொல்லப்போவது இதற்கு நேர்மாறு. முதலில் ஒரே ஒரு கத்தி. அதைத் தினமும் பாக்கெட்டில் வைத்திருந்து, அதாலேயே எல்லாவற்றையும் அறுத்து, நீங்களே சாணை பிடித்து, அலகு கருத்துப்போகும்வரை பழகுங்கள். அந்தப் பழக்கம்தான் அடுத்து எதை வாங்கலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று சொல்லித்தரும். இந்த வழிகாட்டியின் வரிசையும் அப்படித்தான்: வைத்துப் பழகுவது முதலில், சேகரிப்பது பிறகு.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

அலகு கைப்பிடிக்குள் மடிந்து, முதுகுப்பக்கத்தில் ஒரு எஃகு ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்திருக்கும் வகைதான் மரபான மடக்குக்கத்தி. பேனாக்கத்தி என்று பொதுவாகச் சொல்வதும் இந்தக் குடும்பம்தான். சேகரிப்பாளர்கள் இதை ஸ்லிப்ஜாயிண்ட் என்பார்கள். இதில் பூட்டு கிடையாது. அலகின் அடிப்பகுதி தட்டையாக வெட்டப்பட்டிருக்கும், ஸ்பிரிங்கின் நுனி அந்தத் தட்டையில் போய் உட்காரும்போது அலகு நிற்கிறது, அவ்வளவுதான். எதிர்த்திசையில் போதுமான விசை விழுந்தால் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்துவிடும், அலகு உங்கள் விரல்மேல் மடங்கும். இது மனதில் பதிந்துவிட்டால் பாதி விபத்துகள் நடக்கவே நடக்காது. குத்துவதற்கோ, நெம்புவதற்கோ, அலகின் முதுகில் அழுத்தம் விழுகிற எந்த வேலைக்கோ இது ஆகாது. இழுத்து அறுக்க மட்டும்தான்.

பூட்டு உள்ள சில கத்திகளையும் இந்தக் குடும்பத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள். பிரான்ஸின் சவோய் பகுதியில் ஜோசஃப் ஓப்பினெல் 1890இல் உருவாக்கிய ஓப்பினெல் கத்தியில் முதுகு ஸ்பிரிங் கிடையாது. மரக்கைப்பிடியின் பிடிப்பில்தான் அலகு நிற்கும். சுழற்றிப் பூட்டும் வளையம் 1955இல்தான் வந்தது. 1964இல் வந்த பக் 110 முதுகுப்பூட்டு உள்ள கனமான வேட்டைக்கத்தி. ஜப்பானின் ஹிகோனோகாமியில் பூட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. அலகின் அடியிலிருந்து ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அறுக்க வேண்டும். ஒரு கையால் பட்டென்று திறக்கிற, பாக்கெட் விளிம்பில் கிளிப் போட்டு மாட்டுகிற நவீனக் கத்திகள் வேறு உலகம், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

படி 1: சட்டம், வாங்குவதற்கு முன்பே

இதைக் கடைசியில் படிக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் முதலிலேயே வைக்கிறேன். கத்தியை வீட்டில் வைத்திருப்பது வேறு, பொது இடத்தில் எடுத்துப்போவது வேறு. பல நாடுகளின் சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: அலகின் நீளத்துக்கு வரம்பு உண்டா, பூட்டு உள்ள கத்திக்குத் தனி விதி உண்டா, ஒரு கையால் திறப்பதற்கு உண்டா, கையில் வைத்திருக்கக் காரணம் கேட்பார்களா.

எவ்வளவு மாறுபடும் என்பதற்கு ஒரு உதாரணம். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டு விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மிகாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். அதே நீளத்தில் பூட்டு இருந்தால் அங்குள்ள நீதிமன்றங்கள் அதை மடக்குக்கத்தியாகவே கணக்கில் எடுப்பதில்லை, தகுந்த காரணம் வேண்டும். மரபான கத்திகளுக்கு அங்கே மவுசு இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகை நியாயமான காரணமின்றி எடுத்துப்போவது பொதுவாகக் குற்றம், அதற்குக் கீழே இருந்தாலும் மறைத்து வைத்திருந்தால் சிக்கல் வரலாம். காரணம் கேட்கிற நாடுகளில் 'தற்காப்புக்கு' என்று சொல்வதைப் போல மோசமான பதில் இல்லை, அது கருவியை ஆயுதமாக்கிவிடும். பழம் நறுக்க, பொட்டலம் பிரிக்க என்பதுதான் உண்மையும்கூட.

விமான நிலையம், நீதிமன்றம், பள்ளி, விளையாட்டு அரங்கம் என்று சோதனை உள்ள எந்த இடத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். விமானத்தில் போவதென்றால் கத்தி சரக்கில் போகும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். கைப்பையின் அடியில் மறந்து கிடக்கிற சாவிக்கொத்துக் கத்திதான் அதிகம் பறிபோகும் கத்தி. அதனால் கத்திக்கு ஒரே பாக்கெட், ஒரே இடம் என்று பழக்கிக்கொள்ளுங்கள், கிளம்பும்போது அந்த ஒரு இடத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

படி 2: முதல் கத்தி

முதல் கத்தி அழகாக இருக்க வேண்டியதில்லை. கீறல் விழுந்தால் மனசு பதறாத கத்தியாக இருக்க வேண்டும். மூன்று வழிகள் சொல்கிறேன்.

ஸ்விஸ் கத்தி பாதுகாப்பான ஆரம்பம். கார்ல் எல்ஸனர் 1884இல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கி, 1891இல் ஸ்விஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்து, 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். ஒரே ஸ்பிரிங் முன்னாலும் பின்னாலும் கருவிகளைத் தாங்குவதுதான் அதன் சூட்சுமம். அவருடைய நிறுவனம்தான் இன்றைய விக்டோரினாக்ஸ். அதன் கத்தியின் எஃகு மென்மையானது, சீக்கிரம் மழுங்கும், ஆனால் அதைவிடச் சீக்கிரம் கூராகும். சாணை பழக இதுதான் வசதி. அலுமினியப் பக்கத்தகடு உள்ள மாடலை எடுத்தால் இன்னும் உறுதி.

ஓப்பினெல் 8ஆம் எண் இரண்டாவது வழி. அலகு 8.5 செ.மீ. அளவு, மெல்லியது, காய்கறியும் பழமும் அறுக்க இதை மிஞ்ச ஆள் இல்லை. பூட்டு வளையம் இருப்பதால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மரம் ஈரத்தில் உப்பினால் அலகு உள்ளே சிக்கிக்கொள்ளும். அதற்கும் ஒரு பழைய வித்தை உண்டு: வளையத்தைத் திறப்பு நிலைக்குத் திருப்பிவிட்டு, கைப்பிடியின் பின்நுனியை ஒரு கட்டையின்மேல் தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம். சவோய்க்காரர்கள் அப்படித்தான் திறப்பார்கள்.

மூன்றாவது, ஒற்றை அலகுள்ள சோட்பஸ்டர் மாதிரி எளிய ஸ்லிப்ஜாயிண்ட். கைப்பிடி முனையில் வரும் போல்ஸ்டர் எனப்படும் உலோகப் பூண்கள் இல்லாத, அலங்காரமே இல்லாத உழவுக்கத்தி இது. எனக்கு இதுதான் பிடிக்கும், காரணம் இதில் ஏமாற்ற இடமே கிடையாது. ஸ்பிரிங்கும் அலகும் நன்றாக இருந்தால் கத்தி நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

நீளத்தைப் பொறுத்தவரை மடித்த நிலையில் 8 முதல் 10 செ.மீ. வரை உள்ளதை எடுங்கள். அதைவிடச் சின்னதென்றால் பிடி கிடைக்காது, பெரியதென்றால் இரண்டாம் நாளே வீட்டில் விட்டுவிட்டுப் போவீர்கள்.

படி 3: கையில் எடுத்துப் பார்க்கும் முறை

இது கொஞ்சம் நீளமாகப் போகும். கத்தியின் தரமெல்லாம் இங்கேதான் தெரியும். விளம்பரத்தில் எஃகின் பெயரைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஆனால் ஸ்லிப்ஜாயிண்டில் எஃகைவிடப் பொருத்துவேலைதான் முக்கியம்.

முதலில் நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து மெதுவாகத் திறங்கள். எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சேகரிப்பாளர்கள் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுச் சொல்வார்கள். 1 என்றால் குலுக்கினாலே திறந்துவிடும், 10 என்றால் நகம் பிய்ந்துவிடும். தினமும் புழங்க 5, 6 போதும். கடினமாக இருந்தால் தரமானது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, அதை நம்பாதீர்கள். நகம் வழுக்கிய நொடியில் அலகு திரும்பி வந்து விரலில் விழும், அதுதான் மிச்சம்.

பாதி திறந்த நிலையில் சில கத்திகள் ஒருமுறை நிற்கும், சில நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். நிற்கிற வகை, மூடும்போது விரலை விலக்கிக்கொள்ள ஒரு வாய்ப்புத் தருகிறது, புதியவர்களுக்கு நல்லது. முழுதாகத் திறந்ததும் 'டக்' என்று தெளிவாக உட்கார வேண்டும். இந்தச் சத்தத்துக்காகவே கத்தி வாங்குகிறவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சோம்பலான ஸ்பிரிங் எதுவும் அந்தச் சத்தத்தைத் தராது.

அடுத்தது ஆட்டம். திறந்த அலகின் நுனிப்பக்கத்தை முதுகோடு சேர்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், அப்புறம் மேலும் கீழும். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மேலும் கீழும் ஆடினால் ஸ்பிரிங் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், வேண்டாம்.

இப்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் பக்கத்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா? நல்ல வேலையில் கசியாது. முதுகை விரலால் தடவுங்கள். திறந்தபோதும் பாதியிலும் மூடியபோதும் ஸ்பிரிங் கைப்பிடியோடு ஒரே மட்டத்தில் இருந்தால் அது நல்ல பட்டறை. மூன்று நிலையிலும் மட்டம் வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

கடைசியாக, மூடியபின் அலகின் கூர் உள்ளே ஸ்பிரிங்கில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலகின் அடியில் இருக்கும் ஒரு சின்ன முண்டுதான் ஸ்பிரிங்கில் மோதி அலகை நிறுத்தும், கூர் அந்தரத்தில் நிற்கும். மெல்லிய காகிதத் துண்டை உள்ளே வைத்து மூடித் திறந்து பாருங்கள், காகிதம் அறுந்திருந்தால் கூர் இடிக்கிறது. பல பிரெஞ்சுக் கத்திகளில், குறிப்பாக லாகியோல் வகையில், இந்த இடைவெளி மிகக் குறைவு, அதனால் அவற்றைச் சத்தம் வர அடித்து மூடக் கூடாது, கையால் வழிநடத்தி மூட வேண்டும்.

படி 4: திறப்பது, மூடுவது, வைத்திருப்பது

இரண்டு கையால் திறங்கள். மூடும்போது கைப்பிடியைப் பக்கங்களில் மட்டும் பிடித்து, விரல் எதுவும் பள்ளத்தின்மேல் நீட்டாமல், மற்ற உள்ளங்கையால் அலகின் முதுகை அழுத்தினால் போதும். தொடையில் வைத்து மூடுவது, ஒரு கையால் மூடிக் காட்டுவது எல்லாம் வேண்டாம். யாராவது கேட்டால் மூடித்தான் கொடுக்க வேண்டும்.

பாக்கெட்டில் சாவி, சில்லறையோடு போடாதீர்கள். ஒரு மெல்லிய தோலுறை இருந்தால் கைப்பிடியில் கீறல் விழாது, நிமிர்ந்தும் நிற்கும். உறை இல்லாவிட்டால் பின்பாக்கெட்டைத் தவிர எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், உட்காரும்போது முறுகி ஆணி தளர்வது பின்பாக்கெட்டில்தான். துணிப்பஞ்சு கீலுக்குள் போய்ச் சேரும், அது எண்ணெயோடு கலந்து கருப்புக் களிம்பாகும். வாரம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் பள்ளத்தைச் சுத்தம் செய்தால் போதும்.

பொது இடத்தில் திறக்கும்போது சுற்றி இருப்பவர்களையும் கொஞ்சம் நினையுங்கள். ஐந்து செ.மீ. பேனாக்கத்தியால் ஆப்பிள் நறுக்குகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே வேலைக்கு நீண்ட கூர்முனைக் கத்தியை எடுத்தால் பேச்சு நின்றுவிடும். வேலை முடிந்ததும் துடைத்து மூடி உள்ளே வைத்துவிடுங்கள், கையில் வைத்துத் திறந்து திறந்து மூடி விளையாடுவது வீட்டோடு இருக்கட்டும்.

படி 5: சாணை

மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் தேவைப்படும், அழுத்தம் அதிகமானால் வழுக்கும், பூட்டில்லாத கத்தியில் அது இரட்டை ஆபத்து. அதனால் சாணை பிடிக்கத் தெரியாமல் இந்தக் கத்தியை வைத்திருக்கவே கூடாது என்பது என் கட்சி.

ஒருபக்கம் 400 எண் சொரசொரப்பும் மறுபக்கம் அதைவிட மெல்லிய 1000 எண் சொரசொரப்பும் உள்ள ஒரு சாணைக்கல் போதும். அலகின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கல்லில் ஒருபக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி கோணத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள், மை விளிம்புவரை அழிந்தால் கோணம் சரி, மேலே மட்டும் அழிந்தால் கத்தியைக் கொஞ்சம் தூக்க வேண்டும். ஒரே பக்கத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கத்தில் ஒரு பிசிர் எழும். விரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் தடவினால், விளிம்போடு அல்ல, அந்தப் பிசிர் நகத்தில் தட்டும். முழு நீளத்துக்கும் பிசிர் வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். இந்த ஒரு விதியை மதிக்காமல்தான் நிறையப் பேர் மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் வரவில்லை என்று கல்லைக் குறை சொல்கிறார்கள். பிறகு மெல்லிய பக்கத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்தால் பிசிர் போய்விடும்.

மின்சாரச் சாணைச் சக்கரத்திடம் கொண்டுபோகாதீர்கள். மரபான கார்பன் எஃகு தணித்துப் பதம் போடப்படுவது ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் அளவில்தான். மெல்லிய விளிம்பு சக்கரத்தில் அதைத் தாண்டிச் சூடேற ஒரு நொடி போதும். விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி கூர் நிற்காது. சக்கரம் அலகின் உருவத்தையும் தின்றுவிடும், பழைய கத்திகளில் பாதியை இப்படித்தான் கொன்றிருக்கிறார்கள்.

படி 6: கருமை, துரு, எண்ணெய்

1095 என்ற கார்பன் எஃகில் சுமார் 0.95 சதவீதம் கார்பன் இருக்கும், குரோமியம் கிட்டத்தட்ட இல்லை. புளிப்பான பழம் அறுத்தால் சாம்பலும் நீலமுமாக நிறம் ஏறும். அது துரு இல்லை, அலகோடு ஒட்டிக்கிடக்கும் கருமை, அடுத்து வரும் செந்துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். விரலில் ஒட்டுகிற சிவப்புத்தான் எதிரி. கடுகுச்சாந்து, வினிகர் பூசி ஒரே இரவில் கருமை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம், தப்பில்லை, ஆனால் புழங்கிப் புழங்கித் தானாக ஏறும் நிறத்தில் இருக்கும் கணக்கு அதில் இருக்காது.

பராமரிப்பு எளிது. அறுத்ததும் துடை, இரவில் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஒருமுறை பார், அவ்வளவுதான். வேர்வை அதிகமுள்ளவர்கள் கைப்பிடிக்கு உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளையும் பாருங்கள், பச்சைக் களிம்பு அங்கேதான் படியும். கீலில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டுப் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். உள்ளிருந்து கருப்பாக வருவதைத் துடைத்து, தெளிவான எண்ணெய் வரும்வரை செய்யலாம். சமையல் எண்ணெய் வேண்டாம், காற்றுப் பட்டுப் பிசினாகிக் கீலை இறுக்கிவிடும்.

துரு வந்துவிட்டால் எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய எஃகு நாரால் மட்டும் தேயுங்கள். எலும்பு, மரம், கொம்புக் கைப்பிடிகளைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, வெயில் படும் காரின் முன்பலகையிலும் விடக்கூடாது. எலும்பு காய்ந்தால் ஆணியைச் சுற்றித்தான் முதலில் விரியும்.

படி 7: எதைச் சேகரிப்பது

சில மாதங்கள் ஒரே கத்தியோடு வாழ்ந்தவருக்கு இந்தக் கேள்விக்குப் பாதி பதில் தெரிந்திருக்கும். ஒற்றை அலகு போதுமா, எந்தக் கைப்பிடி வழுக்குகிறது, கார்பனைத் துடைக்கப் பொறுமை இருக்கிறதா. இனி ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். எல்லா வகையிலும் ஒன்று என்று போனால் முடிவே கிடையாது.

வடிவத்தை வைத்துக் கோடு போடலாம். அமெரிக்க மரபில் இதற்குப் பெரிய அகராதியே உண்டு. ஸ்டாக்மேன் என்றால் மூன்று அலகு: கூர்முனை வளைந்த ஒன்று, நேர் விளிம்புள்ள ஒன்று, மொட்டை நுனியுள்ள ஒன்று. அந்த மொட்டை நுனி அலகு கால்நடைகளுக்குக் காயடிக்க வந்தது, இப்போது அதன் வேலை பெரும்பாலும் உறை கிழிப்பது. டிராப்பர் நீளமான இரண்டு அலகுகள் கொண்டது, பீனட் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் அளவு, பார்லோவுக்கு நீண்ட போல்ஸ்டர்தான் அடையாளம். ஒரே வடிவத்தைப் பல பட்டறைகளிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் கண்ணைத் தீட்டும் என்பேன். வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

ஊரை வைத்தும் போடலாம். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட், ஜெர்மனியில் ஸோலிங்கன், பிரான்ஸில் தியேர், இத்தாலியில் மானியாகோ, ஸ்பெயினில் அல்பசெத்தே, ஜப்பானில் மிகி. ஒவ்வொன்றும் தலைமுறைகளாகக் கத்தி செய்யும் ஊர். தியேரில் 1929 முதல் செய்யப்படும் டூக்டூக், மடித்த இரும்புத்தகட்டையே கைப்பிடியாகக் கொண்டது, பழுதாக அதில் எதுவுமே இல்லை. ஹிகோனோகாமி ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவும் கத்தி. 1960களில் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் பரவியதும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின, இன்று அந்த முத்திரைப் பெயரில் செய்வது நாகாவோ குடும்பப் பட்டறை மட்டும்தான். லாகியோல் மட்டும் உஷார். அது பிராண்டின் பெயர் இல்லை, ஒரு ஊரின் பெயரும் கத்தி வடிவின் பெயரும். எங்கோ செய்த மட்டமான கத்தியிலும் அந்தப் பெயரும், முதுகில் லாகியோலின் அடையாளமான தேனீ உருவமும் இருக்கும். பட்டறையின் பெயர் என்ன என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் நிறுவனம் 1889இல் ஆரம்பித்தது, நிறையச் சேகரிப்பாளர்கள் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். அதே மாநிலத்தின் டைட்டஸ்வில்லில் 2006 முதல் இயங்கும் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி, பழைய முறையில் சின்னச் சின்னத் தொகுதிகளாகச் செய்கிறது. வேலை அருமைதான். ஆனால் தொகுதி தீர்ந்துவிடும் என்ற பரபரப்பில் வாங்கிக் குவிக்கிறவர்களைப் பார்க்கும்போது, கத்தி வாங்குகிறார்களா லாட்டரி வாங்குகிறார்களா என்று சந்தேகம் வரும்.

படி 8: பழைய கத்தி வாங்கும்போது

அலகின் அடியில் உள்ள முத்திரைதான் பிறப்புச் சான்றிதழ். பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி வரிச்சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சொன்னது. அதனால் ஷெஃபீல்ட் கத்தியில் 'இங்கிலாந்து' என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. கேஸ் கத்திகளில் இன்னும் நுணுக்கம்: 1970இல் முத்திரைக்குக் கீழே 10 புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1980இல் எழுத்து வடிவை மாற்றி மறுபடியும் 10இலிருந்து ஆரம்பித்தார்கள். அவர்களுடைய எண்களுக்கும் பொருள் உண்டு. 6318 என்றால் 6 கைப்பிடிப் பொருளையும், 3 அலகுகளின் எண்ணிக்கையையும், 18 வடிவத்தையும் குறிக்கும். இரண்டு அலகு உள்ள கத்தியில் 63 என்று தொடங்கும் எண் இருந்தால் எங்கோ ஒரு அலகு காணாமல் போயிருக்கிறது, அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

பெயர் மட்டும் போதாது. அமெரிக்காவின் இம்பீரியல் ஷ்ரேட் கத்தி ஆலை 2004இல் மூடப்பட்டது. ஆனால் ஷ்ரேட் என்ற பெயர் கைமாறி வேறு இடத்தில் செய்யப்படும் கத்திகளில் இன்றும் வருகிறது. பழையது, புதியது இரண்டும் ஒன்றில்லை.

அலகு முழுசாக இருக்கிறதா என்று பார்க்க, மூடிய நிலையில் நுனி எங்கே நிற்கிறது, நகப்பள்ளத்துக்கும் விளிம்புக்கும் இடையே எவ்வளவு உலோகம் மிச்சம் என்று கவனியுங்கள். பளபளவென்று மின்னும் நூறு வயதுக் கத்தியை நம்ப வேண்டாம். பஃப் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றியிருப்பார்கள், முத்திரையின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், போல்ஸ்டருக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள கோடு குழைந்திருக்கும். அழுக்காக, கருத்து, ஆனால் 'டக்' என்று மூடுகிற கத்திதான் பணம் கொடுக்கத் தகுந்தது. விற்கிறவரே 'சுத்தம் செய்துவிட்டேன்' என்று பெருமையாகச் சொன்னால் அடுத்ததைப் பாருங்கள்.

கைப்பிடியில் யானைத்தந்தம் இருந்தால் தள்ளியே நில்லுங்கள். 1990 முதல் ஆப்பிரிக்க யானைத்தந்தத்தின் சர்வதேச வணிகம் தடையில் இருக்கிறது, எல்லை தாண்டினால் கத்தி போய்விடும், வழக்கும் வரும். மான்கொம்பிலும் கவனம் தேவை. சேகரிப்பாளர்கள் கொண்டாடும் கரடுமுரடான கொம்பு கடமானுடையது, இந்தியாவிலிருந்து அதன் ஏற்றுமதி நின்ற பிறகு பழைய கத்திகளுக்குக் கிராக்கி ஏறிவிட்டது, அதனால் எலும்பைச் செதுக்கிச் சாயம் ஏற்றிக் கொம்பு என்று தள்ளுகிறவர்களும் வந்துவிட்டார்கள்.

படி 9: பெட்டியில் வைப்பது

தோலுறைக்குள் போட்டுப் பல மாதம் விடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், பதனிட்ட ரசாயனங்கள் அலகைத் தின்னும். உறை பாக்கெட்டுக்கு மட்டும்தான். நீண்ட நாள் வைப்பதற்கு, அலகில் மெல்லிய எண்ணெய்ப்பூச்சு, அமிலமில்லாத காகிதம் அல்லது சுத்தமான பருத்தித் துணி, மூடிய பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். ரப்பர் பேண்ட் போடவே கூடாது.

பழைய செல்லுலாய்டு கைப்பிடிகள்தான் சேகரிப்புக்குள் ஒளிந்திருக்கும் வில்லன். பளிங்கு போலவும் முத்துச்சிப்பி போலவும் அழகான சுழல்நிறங்களில் இருக்கும், ஆனால் அது நைட்ரோசெல்லுலோஸ். வயதானால் சிதைய ஆரம்பிக்கும், அப்போது வெளியாகும் அமில வாயு அந்தக் கத்தியை மட்டுமல்ல, பெட்டியில் பக்கத்தில் கிடக்கும் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். ஒரே பெட்டியில் எல்லாம் நன்றாக இருக்க, ஒரு மூலையில் மட்டும் திடீரென்று துரு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மூக்கை உறுத்தும் நெடி, கைப்பிடியில் மயிரிழை விரிசல், ஓரத்தில் நொறுங்கல் எல்லாம் அடையாளங்கள். செல்லுலாய்டு கத்தியைத் தனியாக, காற்றோட்டமாக, சூடு படாத இடத்தில் வையுங்கள். வேகமாகத் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் தீக்குச்சி வைத்துச் சோதிக்கும் பழைய அறிவுரையைக் கேட்காதீர்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெட்டிக்குப் பூட்டு வேண்டும்.

படி 10: கணக்கு வைப்பதும் கைமாற்றுவதும்

ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பதிவு எழுதுங்கள்: திறந்தும் மூடியும் படம், முத்திரையின் கிட்டப்படம், வடிவம், எஃகு, கைப்பிடிப் பொருள், எங்கே யாரிடம் வாங்கியது, என்ன கொடுத்தது. பழுது பார்த்திருந்தால் அதையும். நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் கேட்கப்போவதெல்லாம் இவைதான், உங்களுக்குப் பிறகு பெட்டியைத் திறக்கிறவர்களுக்கும் எது கத்தி, எது காசு என்று தெரியும்.

ஒரு வருடமாகப் பாக்கெட்டுக்குப் போகாத கத்திகளைத் தனியே எடுத்து வையுங்கள். அதில் சில, தொட்டுப் பார்ப்பதற்காகவே வைத்திருப்பவை, இருக்கட்டும். மற்றவற்றை மாற்றிக்கொள்ளுங்கள் அல்லது விற்றுவிடுங்கள். ஒரே மாதிரி மூன்றைக் கொடுத்து மனசுக்குப் பிடித்த ஒன்றை வாங்கினால் அது நல்ல வியாபாரம். விற்கும்போது விரிசல், ஆட்டம், மாற்றிய அலகு எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த வட்டம் சின்னது, பெயர் கெட்டால் சுற்றிவர நேரமாகாது. அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்புவதென்றால் அவர்கள் கத்தியை ஏற்பார்களா, போய்ச்சேரும் நாட்டில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, அலகை மூடி, தானாகத் திறக்காதபடி காகிதத்தால் சுற்றி ஒட்டி, பொட்டலத்துக்குள் உருளாமல் நாலு பக்கமும் அடைத்து அனுப்புங்கள்.